பெரியோர்க்கு எண் விளையாட்டு

பிழைப்பின் பொருட்டு வாளையார் தாண்டி வந்து கஞ்சிக்கோட்டில் குடியமர்ந்த நம்மவர் இல்லங்கள் பலவற்றில் இன்று ஒரு பொதுவான நிலையைக் காண்கிறோம். மகன் தொழிற்சாலைக்குச் சென்றுவிடுகிறான். மருமகளும் ஏதேனும் வேலைக்குப் போகிறாள். குழந்தைகள் பள்ளிக்குப் போய்விடுகின்றன. ஊரில் தனியே விட மனமின்றி அழைத்துவரப்பட்ட தாய் தந்தையர் காலை 9 மணி முதல் மாலை 5 மணி வரை நான்கு சுவர்களுக்குள் வாளா அமர்ந்திருக்கின்றனர். ஊரிலே அவர்களுக்குத் திண்ணை இருந்தது, கோயில் வாசல் இருந்தது, பெயர் சொல்லி அழைக்க நாலு பேர் இருந்தனர். இங்கோ அண்டை வீட்டார் நல்லவர்களாயினும் பேசுவது மலையாளம். கடைப் பலகையும் மலையாளம். பேருந்தின் நெற்றியில் எழுதியிருப்பதும் மலையாளம்.

ஆயினும் ஒன்றைக் கவனித்திருப்பீர்கள். பேருந்தின் ஊர்ப் பெயரை வாசிக்க இயலாத பெரியவர் அதன் எண்ணைத் தயக்கமின்றி வாசித்துவிடுகிறார். கடைக்காரர் விலையை எழுதிக் காட்டினால் மீதிச் சில்லறையை நமக்கு முன்பாக அவர் சொல்லிவிடுகிறார். எழுத்துக்கு எல்லை உண்டு. எண்ணுக்கு வாளையாரில் சோதனைச் சாவடி இல்லை.

இதனை ஆதாரமாகக் கொண்டே, பெரியோர்க்கு ஏற்ற எண் விளையாட்டுகள் சிலவற்றை இம்மாதம் எழுத முற்பட்டோம். பத்தாம் வகுப்புத் தேறி, ரயில்வேயில் சரக்குக் கணக்கு எழுதும் நமக்குக் கணித சாஸ்திரம் பேசத் தகுதியில்லை. ஆனால் இப்பொழுது சொல்லப்போகும் விளையாட்டுக்குக் கூட்டலும் கழித்தலும் போதும். அதைக் கண்டுபிடித்தவரும் பெரிய கலாசாலைப் பேராசிரியர் அல்லர். ஒரு பள்ளிக்கூட ஆசிரியரே.

அவர் பெயர் தத்தாத்ரேய ராமச்சந்திர கப்ரேகர். 1905-ஆம் ஆண்டு ஜனவரி 17-ஆம் தேதி பம்பாய்க்கு வடக்கே தஹாணுவில் பிறந்தவர். பி.எஸ்ஸி. பட்டம் பெற்றபின் மேற்கொண்டு படிக்கவில்லை. நாசிக்குக்கு அருகிலுள்ள தேவ்லாலி என்னும் ஊரில் 1930 முதல் 1962 வரை பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றார். எண்களோடு விளையாடுவதே அவருக்குப் பொழுதுபோக்கு; பொழுதுபோக்கு என்பதைவிடப் பித்து என்றே சொல்லலாம். கண்டவற்றைச் சிறு சிறு பிரசுரங்களாகத் தம் சொந்தச் செலவில் அச்சிட்டார். நம் நாட்டுக் கணித அறிஞர் பலர் அவற்றைச் சிறுபிள்ளைத்தனம் என்று ஒதுக்கினர். ஓய்வுக்குப்பின் மனைவியை இழந்தார். ஓய்வூதியம் போதாமல் பிள்ளைகளுக்குத் தனிப்பாடம் சொல்லிக் காலம் கழித்தார். அந்நிலையிலும் எண்களை விட்டாரில்லை. அவருக்கு 70 வயதானபோது, 1975 மார்ச் மாதத்தில், அமெரிக்காவின் மார்ட்டின் கார்டனர் என்பார் 'சயின்டிபிக் அமெரிக்கன்' பத்திரிகையில் அவரைப் பற்றி எழுதினார். அதன் பின்னரே உலகம் அவரைத் திரும்பிப் பார்த்தது. 1986-இல் காலமானார்.

ரயில்வேக்காரராகிய நமக்கு இவரிடம் தனிப் பிரியம் உண்டாக ஒரு காரணம் உண்டு. தாம் ஆராய்ந்த ஒருவகை எண்களுக்கு அவர் 'டெம்லோ எண்கள்' என்று பெயரிட்டார். டெம்லோ என்பது எந்த மேதையின் பெயருமன்று. பம்பாய்க்கு அருகே பழைய ஜி.ஐ.பி. ரயில்வேயில் இருந்த ஒரு ஸ்டேஷனின் பெயர். இன்று டோம்பிவிலி என்று வழங்குவது அதுவே. அந்த ஸ்டேஷனில்தான் அவருக்கு அந்த எண்ணம் உதித்ததாம். 11-ஐ 11-ஆல் பெருக்கினால் 121. 111-ஐ 111-ஆல் பெருக்கினால் 12321. 1111-ஐ 1111-ஆல் பெருக்கினால் 1234321. படியேறி இறங்கும் இத்தகைய எண்கள் அவ்வகையைச் சேர்ந்தவை. வண்டி தாமதமானால் நாமெல்லாம் ஸ்டேஷன் மாஸ்டரைத் திட்டுகிறோம். அவர் என்ன செய்தார் பாருங்கள்!

இனி விளையாட்டுக்கு வருவோம். நான்கு இலக்க எண் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். நான்கும் ஒரே இலக்கமாக இருத்தல் கூடாது. வேறு நிபந்தனை இல்லை. பாலக்காடு சென்னை ராஜ்யத்திலிருந்து பிரிந்து கேரளத்தில் சேர்ந்த 1956-ஆம் ஆண்டையே கொள்வோம். இதன் இலக்கங்களைப் பெரியது முதலாக எழுதினால் 9651. சிறியது முதலாக எழுதினால் 1569. முன்னதிலிருந்து பின்னதைக் கழிக்க 8082 வரும். இதனையும் அவ்வாறே மாற்றி எழுதுக: 8820-இலிருந்து 0288-ஐக் கழிக்க 8532. மறுபடியும் 8532-இலிருந்து 2358-ஐக் கழிக்க 6174. மேலும் ஒரு முறை செய்து பாருங்கள்: 7641-இலிருந்து 1467 போனால் மீண்டும் 6174! அந்த இடத்தைவிட்டு எண் நகர மறுக்கிறது.

எந்த எண்ணில் தொடங்கினாலும் ஏழு கழித்தலுக்குள் இந்த 6174-இல் வந்து நின்றுவிடும் என்பதே கப்ரேகர் கண்ட அதிசயம். 1946-இல் கண்டு, 1949-இல் நம் சென்னையில் நடந்த கணித மாநாட்டில் அதை வெளியிட்டார். இன்று உலகெங்கும் இதனைக் 'கப்ரேகர் மாறிலி' என்கின்றனர். சில எண்கள் மூன்றே நிலையில் சென்றடைவன. சில ஏழு நிலையும் சுற்றிவருவன. 2005-ஆம் ஆண்டில் பிறந்த பேரன் இருந்தால் அவன் ஆண்டைப் போட்டுப் பாருங்கள். 5175, 5994, 5355, 1998, 8082, 8532 என்று ஆறு ஊர் நின்று ஏழாவதாக 6174-ஐ அடைவான். பாட்டியின் ஆண்டு எத்தனை நிலையில் அடைகிறது, தாத்தாவின் ஆண்டு எத்தனை நிலையில் அடைகிறது என்று வீடு முழுதும் போட்டியிடலாம். இடையில் மூன்று இலக்கமாகக் குறைந்தால் முன்னால் ஒரு பூஜ்யம் சேர்த்துக்கொள்ள வேண்டும். அதை மறந்தால் வண்டி தடம் புரளும்.

குமாஸ்தாக்களுக்கு உகந்த ஒரு சரிபார்ப்பும் இதில் உண்டு. ஒவ்வொரு கழித்தலின் விடையிலும் இலக்கங்களைக் கூட்டினால் 18 அல்லது 27 மட்டுமே வரும். 8082-ஐக் கூட்டுங்கள், 18. 5994-ஐக் கூட்டுங்கள், 27. வேறு ஏதேனும் வந்தால் கடன் வாங்கிக் கழித்ததில் எங்கோ பிழை. ஆகவே பெரியவர் தம் பிழையைத் தாமே கண்டு திருத்திக்கொள்ளலாம். பிறர் சுட்டிக்காட்ட வேண்டுவதில்லை. இதன் அருமை பின்னால் விளங்கும்.

கப்ரேகர் பெயர் பெற்ற வேறொரு வகை எண்ணும் உண்டு. 3025-ஐ நடுவில் பிளந்தால் 30, 25. இரண்டையும் கூட்ட 55. 55-ஐ 55-ஆல் பெருக்க மீண்டும் 3025. அதுபோன்றே 20-உம் 25-உம் கூட்டினால் 45. 45-ஐ 45-ஆல் பெருக்கினால் 2025. ஆகவே 2025-ஆம் ஆண்டில் வாழ்ந்தவர்கள் பாக்கியசாலிகள். அடுத்த இத்தகைய ஆண்டுக்கு ஆயிரம் வருஷம் காத்திருக்க வேண்டும். நான்கு இலக்கத்தில் இவ்விரண்டைத் தவிர இன்னும் ஒன்றே ஒன்று உண்டு. அது 9800-க்கு மேற்பட்டது என்ற அளவில் நிறுத்திக்கொள்கிறோம்.

கூட்டல் கழித்தலே அறியாதவர் என்ன செய்வது என்று சிலர் கேட்கக்கூடும். நம் வீட்டு மூதாட்டியர் பலர் பள்ளி வாசலை மிதித்தவர் அல்லர் என்பது மெய்யே. ஆனால் அவர்களுக்குக் கணக்குத் தெரியாது என்று எவரும் சொல்லத் துணிய வேண்டாம். 15 புள்ளியில் தொடங்கி, இருபுறமும் இடுக்குப் புள்ளியாக 8 வரை வைக்கும் மார்கழிக் கோலத்தை எண்ணிப் பாருங்கள். நடு வரிசை 15; அதன் மேலே 14 முதல் 8 வரை ஏழு வரிசை, கீழேயும் அவ்வாறே. மேல் ஏழு வரிசையும் கூடி 77, கீழும் 77, நடுவில் 15. ஆக 169 புள்ளிகள். அதாவது 13-ஐ 13-ஆல் பெருக்கிய தொகை! ஒரு புள்ளி பிசகினாலும் சிக்கல் அவிழாது என்பதை அறிந்து, தாளும் பென்சிலுமின்றி இருட்டில் குனிந்து வைத்துப் போகும் அறிவைக் கணக்கு என்று சொல்லாமல் வேறு என்னென்று சொல்வது? தாம்பரம் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரிப் பேராசிரியர் கிப்ட் சிரோமணியும் அவருடன் ஆராய்ந்தோரும் 1974-இல் கோலத்தின் கணிதத்தை ஆராய்ந்து கட்டுரை வெளியிட்டு, மேல்நாட்டாரையும் கவனிக்கச் செய்தனர். 15-க்கு 8 தெரிந்த பாட்டியிடம், 17-க்கு 9 வைத்தால் எத்தனை புள்ளி என்று பேத்தி கேட்கட்டும். பல்லாங்குழியும் அவ்வாறே. பதினான்கு குழிகளில் எங்கே எடுத்தால் எங்கே முடியும் என்று முன்கூட்டியே மனத்தில் ஓட்டிப் பார்ப்பவரே அதில் வெல்கிறார்.

ஆண் மக்களில் 80 வயதைக் கடந்தவர்க்கு வேறொரு செல்வம் உண்டு. 1957-ஆம் ஆண்டு ஏப்ரல் 1-ஆம் தேதி நயா பைசா வந்தது. அதற்குமுன் ரூபாய்க்கு 16 அணா, அணாவுக்கு 12 தம்படி என்ற கணக்கில் பாடம் பயின்ற கடைசித் தலைமுறையினர் இவர்கள். 3 ரூபாய் 5 அணா விலையுள்ள வேட்டி ஏழு வாங்கினால் விலை என்ன என்று கேளுங்கள். கைபேசியில் எண்களைத் தட்டும் இளைஞன் முதலில் திகைப்பான். பெரியவரோ கண்ணை ஒருகணம் மூடித் திறந்து 23 ரூபாய் 3 அணா என்பார். கால், அரை, முக்கால் வாய்பாடுகளும், மா என்றால் இருபதில் ஒன்று, காணி என்றால் எண்பதில் ஒன்று, முந்திரி என்றால் 320-இல் ஒன்று என்ற பின்னக் கணக்கும் அவர்களுள் சிலருக்கேனும் நினைவிலிருக்கும். அவர்கள் சொல்லச் சொல்ல நாம் எழுதி வைத்துக்கொண்டால் நஷ்டமில்லை.

'கணக்கதிகாரம்' என்னும் பழைய நூலைக் கொறுக்கையூர்க் காரிநாயனார் இயற்றினார். பலாப்பழத்தை அரியாமலே உள்ளிருக்கும் சுளையின் தொகை காண அதில் ஒரு வழி சொல்லப்பட்டிருக்கிறது. காம்பைச் சுற்றியுள்ள முள்ளை எண்ணி, ஆறால் பெருக்கி, ஐந்தால் வகுக்க வேண்டுமாம். முள் 100 என்றால் சுளை 120. பலாவுக்குப் பஞ்சமில்லாத பாலக்காட்டு மண்ணில் இருந்துகொண்டு இதைப் பரீட்சித்துப் பாராமல் இருப்பது நியாயமன்று. எண்ணியது சரியாயினும் தவறாயினும் சுளை வீட்டுக்கே!

நிற்க. இவ்விளையாட்டுகளால் மறதி நோய் வாராது என்று நாம் சொல்லவில்லை. அவ்வாறு சொல்லிப் பணம் பறிப்போர் இன்று உலகில் பலர். அமெரிக்காவில் 'லுமோசிட்டி' என்ற பெயரில் மூளைப் பயிற்சி விளையாட்டுகளை விற்ற நிறுவனம், முதுமையின் மறதியைத் தடுக்கும் என்னும் பொருள்பட விளம்பரம் செய்தது. அதற்குத் தக்க ஆதாரமில்லை என்று அந்நாட்டு வாணிப ஆணையம் வழக்குத் தொடர, 2016-இல் 20 லட்சம் டாலர் செலுத்த அந்நிறுவனம் இசைய நேர்ந்தது. ஆகவே நம் கைபேசியில் வரும் இத்தகைய விளம்பரங்களுக்கு மாதச் சந்தா கட்டுமுன் சற்று யோசிக்க வேண்டும். ஒரு சிலேட்டும் பலப்பமும் அதைவிட மலிவு.

ஆராய்ச்சியாளர் உண்மையில் கண்டது யாது? நியூயார்க்கில் 75 வயதுக்கு மேற்பட்ட 469 பேரைப் பல ஆண்டுகள் கவனித்து 2003-இல் ஒரு முடிவு வெளியிட்டனர். வாசித்தல், பலகை விளையாட்டு, வாத்தியம் வாசித்தல், நடனம் இவற்றில் ஈடுபட்டவர்களிடம் மறதி நோய் குறைவாகக் காணப்பட்டது. விளையாடியதால் நோய் வரவில்லையா, நோய் வராததால் விளையாட முடிந்ததா என்ற ஐயம் இதில் எஞ்சி நிற்கிறது. ஸ்காட்லாந்தில் 1936-இல் பிறந்த 498 பேரை ஆராய்ந்து 2018-இல் வெளியிட்ட கட்டுரை இன்னும் தெளிவானது. புதிர்களிலும் சிந்தனைக்குரிய செயல்களிலும் வாழ்நாள் முழுதும் ஈடுபட்டோர் முதுமையில் உயர்ந்த படியிலிருந்து இறங்கத் தொடங்கினர். ஆனால் இறங்கும் வேகம் குறையவில்லை. இதனை நம் கணக்கில் சொன்னால், கையிருப்பு அதிகமாகும். செலவு விகிதம் மாறாது. கையிருப்பு அதிகமாயிருப்பதும் நல்லதுதானே! அமெரிக்காவில் 65 வயதுக்கு மேற்பட்ட 2,832 பேருக்குப் பயிற்சியளித்து 2002-இல் கண்டதோ, எதில் பயிற்சி பெற்றனரோ அதில் மட்டும் தேர்ச்சி கூடியது என்பதே. கணக்குப் போட்டால் கணக்கு வரும். மூக்குக் கண்ணாடியை வைத்த இடம் அதனால் நினைவுக்கு வராது.

2024-இல் 'லான்செட்' மருத்துவப் பத்திரிகையின் குழுவினர் மறதி நோய்க்குக் காரணமானவற்றுள் நாம் மாற்றக்கூடியவை 14 என்று வகுத்தனர். காது மந்தம், கண் மங்கல், இரத்தக் கொதிப்பு, நீரிழிவு முதலியவற்றோடு தனிமையும் அவற்றுள் ஒன்றாக எண்ணப்பட்டிருக்கிறது. இதனை நம்மவர் ஊன்றிக் கவனிக்க வேண்டும். மொழி தெரியாத ஊரில், பேச்சுத் துணையின்றிப் பகற்பொழுது முழுதும் ஒரு முதியவர் இருப்பது மனவருத்தம் மட்டுமன்று. காது மந்தமாயிருந்தால் அதற்குரிய கருவியை வாங்கித் தருதல் வேண்டும். மாலையில் நடக்க அழைத்துச் செல்லுதல் வேண்டும். பெயர்கள் சட்டென நினைவுக்கு வராதது முதுமையின் இயல்பு. பழகிய வழியில் வீடு திரும்பத் தெரியாமற் போவதும், நாளும் புழங்கிய ரூபாய்க் கணக்குத் திடீரெனத் தடுமாறுவதும் அவ்வாறல்ல; உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டும். அங்கே கணக்குப் புதிர் கொடுத்துப் பார்ப்போம் என்று நாளைக் கடத்துவது பெருந்தவறு.

பெரியவர்களுக்குப் பரீட்சை வைக்காதீர்கள் என்பதையும் இவ்விடத்துச் சொல்லிவிட வேண்டும். நமக்குத் தெரிந்த ஓர் இல்லத்தில் உடுமலைப் பக்கத்து மில்லில் உழைத்து ஓய்ந்த ஒரு பெரியவர் இருக்கிறார். மாலையில் ரயில்வே பாதையோரம் நின்று சரக்கு வண்டியின் வாகன்களை எண்ணுவது அவர் வழக்கம். 58 வாகனும் ஒரு பிரேக் வானும் என்று சொன்னால் தப்பாது. அவருக்கு 6174 விளையாட்டைச் சொல்லிக் கொடுத்தோம்; வாகன் எண்ணின் கடைசி நான்கு இலக்கத்தை மனத்தில் குறித்துவந்து, வீட்டில் சிலேட்டில் போட்டுப் பார்த்து மகிழ்ந்துவந்தார். ஒருநாள் பேரன் அருகில் நின்று, ஒவ்வொரு வரிக்கும் கைபேசியில் விடை பார்த்து, "தப்பு தாத்தா, தப்பு தாத்தா" என்று சொல்லிக்கொண்டே இருந்தான். பெரியவர் ஒன்றும் பேசவில்லை. சிலேட்டை எடுத்து அலமாரிக்கு மேல் வைத்துவிட்டார். பதினைந்து நாள் அது கீழே இறங்கவில்லை. மருமகள் கெட்டிக்காரி. "மாமா, இவனுக்குக் கடன் வாங்கிக் கழிக்கத் தெரியவில்லை, வாத்தியார் கோபிக்கிறார், நீங்கள்தான் சொல்லிக்கொடுக்க வேண்டும்" என்று சிலேட்டை அவர் கையில் தந்தாள். இலக்கங்களைக் கூட்டி 18, 27 பார்க்கும் சூட்சுமத்தை இப்போது பெரியவர் பேரனுக்குக் கற்பிக்கிறார். கைபேசி மேசைமேல் கிடக்கிறது.

ஆகவே கேள்வி கேட்கும் இடத்தில் பெரியவரும், விடை தேடும் இடத்தில் சிறுவரும் இருப்பதே சிறப்பு. எண்களைப் பெரிதாக எழுதுங்கள். வெளிச்சம் நன்றாக இருக்கட்டும். அவசரப்படுத்துவது உதவாது. ஒரே விளையாட்டை மாதக்கணக்கில் ஆடினால் கை தானாக ஓடுமேயன்றி மூளை ஓடாது, அடிக்கடி மாற்றுங்கள். விருப்பமில்லாதவரை வற்புறுத்தவும் வேண்டாம். கணக்கு என்றாலே கசக்கும் பெரியவர்களும் உண்டு. அவர்கள் பாட்டுப் பாடட்டும், கதை சொல்லட்டும்.

ஞாயிறு மாலைகளில் சங்கத்து அறை பெரும்பாலும் காலியாகவே கிடக்கிறது. அங்கே ஒரு பாயை விரித்து, இரண்டு பல்லாங்குழிப் பலகையும் நாலு சிலேட்டும் வைத்தால், பெரியோர்கள் கூடிப் பேசவும் ஆடவும் இடமாகும் என்று நிர்வாகிகளுக்குத் தெரிவித்துக்கொள்கிறோம். பெரியவர்களை அழைத்து வந்து மீண்டும் வீட்டில் விடுவதற்கு இளைஞர் இருவர் முன்வந்தால் போதும்.

முடிவாக, குமாஸ்தா குலத்துக்கே பெருமை தேடித் தந்த ஒருவரின் கணக்கு. நம் ரயில் பாதையிலேயே கோயம்புத்தூருக்கு அப்பால் உள்ள ஈரோட்டில் 1887-இல் பிறந்து, 1912-இல் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்தில் குமாஸ்தாவாக அமர்ந்த சீனிவாச ராமானுஜனே அவர். 1914-இல் அவர் கேம்பிரிட்ஜில் இருந்தபோது, நண்பர் மகலநோபிஸ் 'ஸ்ட்ராண்ட்' பத்திரிகையில் வந்த ஒரு புதிரை வாசித்துக் காட்டினார். ஒரு தெருவில் வீடுகளுக்கு 1, 2, 3 என வரிசையாக எண். ஒருவன் வீட்டுக்கு இடப்புறமுள்ள வீட்டெண்களின் கூட்டுத்தொகையும் வலப்புறமுள்ளவற்றின் கூட்டுத்தொகையும் சமம். வீடுகள் 50-க்கு மேல், 500-க்குள். அவன் வீட்டெண் என்ன? ராமானுஜன் அடுப்பில் காய்கறியைக் கிளறிக்கொண்டே, அந்த ஒரு விடையை மட்டுமன்றி, அத்தகைய தெருக்கள் அனைத்துக்கும் விடை தரும் ஒரு வழியையே சொல்லிவிட்டார். பத்திரிகைப் புதிருக்கு விடை, 288 வீடுகளுள் 204-ஆவது வீடு.

நமக்கு அவ்வளவு பெரிய தெரு வேண்டாம். 8 வீடுள்ள வரிசையில் 6-ஆவது வீடு அத்தகையது: இடப்புறம் 1 முதல் 5 வரை கூட்டினால் 15, வலப்புறம் 7-உம் 8-உம் கூட்டினால் 15. நாம் கேட்பது இதற்கு அடுத்த வரிசை. அதில் வீடுகள் 40-க்கு மேல், 50-க்குள். எத்தனை வீடுகள், எத்தனையாவது வீடு என்பதைக் கண்டறிந்து, போட்டவரின் வயதையும் குறித்துச் சங்கத்துப் பெட்டியில் இடுமாறு வேண்டுகிறோம். 60 வயதுக்குட்பட்டோர் அனுப்பும் விடைகள் ஏற்கப்படமாட்டா.